வெர்லீனுக்குக் கடல் ஒத்துக்காது

எல்ஃபோர்டு இருபத்திரண்டு வருடம் உல்லாசக் கப்பல்களில் அறை துடைத்தவன். வருடத்தில் எட்டு மாதம் கடலில், மீதி நாள் சொந்த ஊரான கிங்ஸ்டவுனில் மனைவி வெர்லீனோடு. போன வருடம் முதுகு போய், வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிட்டான்.

நியூயார்க்கில் இருக்கும் மகள், அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குக் கப்பலில் ஏழு நாள் போய்வரச் சொன்னாள். எல்ஃபோர்டுக்குத் தலைகால் புரியவில்லை.

"இந்தத் தடவை எவனோ விரிச்ச மெத்தையில நான் படுக்கப்போறேன், வெர்லீன்!"

துவரை உரித்துக்கொண்டிருந்த வெர்லீன் நிமிரவில்லை. "நமக்கு அது சரிப்படாது."

"ஏன், குமட்டுமா? மாத்திரை இருக்கு."

"கடல் ஒண்ணும் பண்ணாது. ஒரு வருஷமா நீ என் பின்னாடியே சுத்துற. சட்டியை இங்க வை, துணியை இப்படி மடின்னு ஓயாம சொல்லிட்டிருக்க. இங்கன்னா சர்ச்சு, சந்தைன்னு கிளம்பிடுவேன். அங்க எங்க போவேன்? தண்ணியிலயா குதிப்பேன்?"

அவன் சிரிக்கப் பார்த்தான். "இத்தனை வருஷம் நல்லாத்தானே இருந்தோம்?"

"நீ இங்க இல்லையே, எல்ஃபோர்டு. அதான் நல்லா இருந்தோம்."

கப்பல் ஏறிய மூன்றாம் நாளே பேச்சை நிறுத்திவிடும் ஜோடிகளை அவன் எத்தனையோ அறைகளில் பார்த்திருக்கிறான். வெர்லீனைக் கூட்டிவந்தால் நாங்கள் இப்படி இருக்கமாட்டோம் என்று நினைத்துக்கொண்டேதான் அவர்களுடைய தலையணைகளைத் தட்டிப் போட்டிருக்கிறான்.

மாலையில் மகளைக் கூப்பிட்டான். "அம்மாவுக்குக் கடல் ஒத்துக்காதும்மா."

"நீயாவது போயிட்டு வாப்பா."

"எனக்கெதுக்கு? நான் பார்க்காத கப்பலா?"

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தபோது வீட்டில் யாருமில்லை. மேசையில் அவனுக்கு மட்டும் சாப்பாடு மூடி வைத்திருந்தது.