இரண்டு சொட்டு அமீன்

பாண்டிசெல்வி ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவள் செய்தது பெரோவ்ஸ்கைட் நானோ படிகங்கள். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குட்டிக் குட்டிக் கனசதுரங்கள். புற ஊதா விளக்கைக் காட்டினால் குப்பி முழுக்கப் பச்சையாக ஒளிரும்.

அவள் ஆராய்ச்சியை மதிப்பிட ஆய்வுக் குழு வந்த அன்று குப்பி ஒளிரவில்லை. கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"இத்தன வருஷம் இதத்தான் கிழிச்சியா?" என்றார் கைடு ஞானதுரை, எல்லார் முன்னாலும். "பேசாம மில்லுல நூல் கோன் சுத்தப் போயிரு."

அவள் அம்மா மாரிக்கனிக்கு மில்லில்தான் வேலை. அது அவருக்குத் தெரியும். குழுவில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

எல்லாரும் போனபின் குப்பியை முகர்ந்தாள். மீன் கவிச்சி. அமீன் என்ற ரசாயனத்தின் வாடை. யாரோ ஊற்றியிருக்கிறார்கள். லேபில் அவளுக்கு ஜூனியர் வினோத் மறைக்கவே இல்லை.

"ரெண்டு சொட்டுதான்க்கா. என்ன ஆகும்னு பாத்தேன். கட்டமெல்லாம் அறுகோணமா மாறிட்டு. போட்டோகூட எடுத்துட்டேன்."

ஞானதுரையின் அறைக்கு ஓடினாள். "சார், படிகம் கெட்டுப் போகல. அமீன் ஈயத்த உருவிருச்சு, அதான் அமைப்பு மாறிட்டு. ஈயம் உள்ள லெட் புரோமைடு சேத்தா பழையபடி வந்துரும்."

"செஞ்சு காட்டு."

செய்தாள். விளக்கடியில் பச்சை மெல்ல ஏறியது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"பிரமாதம்," என்றார் ஞானதுரை. "வினோத், இதையும் போட்டோ எடு. போறது ஒரு படம், திரும்பி வாறது ஒரு படம். உன் பேப்பர் ரெடி."

"சார், அவன் கெடுக்கணும்னே ஊத்துனான்."

"எதுக்கு ஊத்துனாங்கிறது கெமிஸ்ட்ரி இல்லம்மா."

"என் பேரு சார்?"

"குழு உன்ன நிறுத்தச் சொல்லிட்டாங்க. லேப் சாவிய வச்சிட்டுப் போ."

பேப்பர் வெளிவந்தபோது பாண்டிசெல்வி ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். வினோத் போன் செய்தான்.

"அக்கா, அந்த லெட் புரோமைடு எம்புட்டு போட்டிய? பேப்பர்ல நாங்க குத்துமதிப்பாத்தான் போட்டோம். வெளிநாட்டுல ஒருத்தரு செஞ்சு பாத்துட்டு வரலங்காரு. எங்களுக்கும் வர மாட்டேங்கு. சார் ஏசுதாரு."

அவள் தான் போட்டதைப் போல நான்கு மடங்கு அளவைச் சொன்னாள். அவ்வளவு போட்டால் படிகமெல்லாம் ஒட்டிக் கட்டியாகி அடியில் தங்கிவிடும்.

"ரொம்ப நன்றிக்கா," என்றான் வினோத்.

"இருக்கட்டும்லே," என்றாள்.