லூனாவுக்கு ஒரு வீடு

"லூனா, நில்லடி!"

கொக்கி கழன்ற கூண்டிலிருந்து பாய்ந்த பூனையைத் துரத்திக்கொண்டு வேணுஜா மாடிப்படியேறினாள். தெருவுக்கு ஓடியிருந்தால் கதை முடிந்திருக்கும். யாரோ நகங்களை அறுத்தெடுத்துவிட்ட பூனை அது. மரமேறித் தப்பக்கூட முடியாது. அவள் வேலை செய்யும் விலங்குக் காப்பக வாசலில் கிடந்த அதற்கு வீடு தேடி, ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகர் முழுக்க அலைந்திருந்தாள்.

பூனை மூன்றாம் மாடியில் ஒரு கதவின் முன் நின்றது. அவள் தேடி வந்த வீடேதான்!

சுகிர்தா அக்கா கதவைத் திறந்தார். "வாங்கோ தங்கச்சி. உம்மைவிடப் பூனைக்கு அவசரம் போல!"

பூனை விழாதபடி பல்கனியில் வலை கட்டியிருந்தது. வேணுஜாவுக்கு நிம்மதி. "ஏனக்கா இந்தப் பூனைதான் வேணுமெண்டு நிண்டனீங்கள்?"

"பாவமெல்லோ. நகம் எடுக்கிறது இஞ்ச குற்றம். எந்தப் படுபாவி செய்தானோ!"

அதற்குள் பூனை, ஒரு கீறல்கூட இல்லாத வெள்ளை லெதர் சோபாவில் ஏறியது.

"பொன்னி! சோபாவில ஏறாதையெண்டு எத்தினை தரம் சொன்னனான்?" அக்கா பூனையை அதட்டினார்.

பூனை சட்டென்று இறங்கி மூலையில் ஒடுங்கியது.

வேணுஜா அதைத் தூக்கிக் கூண்டில் வைத்தாள்.

"எங்க கொண்டு போறீர்? அது என்ர பூனை!" அக்கா வழிமறித்தார். "மிருக டொக்டர் நகமில்லாததைப் பாத்திட்டுப் பொலிசெண்டு வெருட்டினபடியால்தான் உங்கட வாசலில விட்டனான்!"