வழக்குக்கு ஆன செலவு

சூப்பர்வைசரை அடிக்கக் கை ஓங்கினான் என்று எழுதி, பவுண்டரியில் தசரதனை டிஸ்மிஸ் செய்தார்கள். அவன் கையெல்லாம் ஓங்கவில்லை. ஓ.டி. பணம் என்ன ஆயிற்று என்று நாலு பேர் எதிரில் சத்தமாகக் கேட்டுவிட்டான், அவ்வளவுதான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனிகளே கொஞ்சம்; இருந்த கொஞ்சத்துக்கும் வாயுள்ள ஆள் பிடிக்காது.

சென்னைக்குப் போய் லேபர் கோர்ட்டில் வழக்குப் போட்டான். வக்கீல் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"கேஸ் முடியற வரைக்கும் வேற எங்கேயும் வேலை பாக்காதே. பாத்தேன்னு அவங்க நிரூபிச்சா, விட்டுப்போன சம்பளம் உனக்குக் கிடைக்காது."

நல்ல நியாயம்! வேலையைப் பறிகொடுத்தவன் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் வக்கீல் சும்மா வரமாட்டார், குமாஸ்தா சும்மா கேஸ் கட்டைப் பிரிக்க மாட்டார், பஸ்காரன் சும்மா ஏற்றமாட்டான். கம்பெனியோ வாய்தா மேல் வாய்தா வாங்கி இழுத்தது. அதற்கென்ன, வக்கீலுக்குக் கொடுப்பதையும் செலவில் எழுதிவிட்டுப் போகும்.

பிள்ளைப்பாக்கத்தில், வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு தசரதன் வீட்டோடு கிடந்தான். மனைவி லீலா செங்கல் சூளைக்குக் கல் சுமக்கப் போனாள். அவள் கம்மல் அடகுக்குப் போயிற்று. ஏர் ஓட்டக் கூப்பிட்டவர்களிடமும் முடியாது என்றான். பெண்டாட்டி சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறான் என்று ஊர் பேசியது. அது பொய்யாக இருந்திருந்தால் சண்டைக்காவது போயிருக்கலாம்.

மானம் பொறுக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் சுங்குவார்சத்திரத்தில் ஒரு லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கேதான் ஒருநாள் யாக்கோபு வந்து நின்றார்.

யாக்கோபு பவுண்டரியின் வாட்ச்மேன். ஷிப்டுக்கு இவன் மூச்சிரைக்க ஓடி வருவது தெரிந்தால், கேட்டை மூடாமல் பூட்டோடு மல்லுக்கட்டுவது போல் பாவனை செய்பவர். தசரதன் எங்காவது வேலை செய்கிறானா, பார்த்து வா என்று அவரைத்தான் ஆபீசில் அனுப்பியிருந்தார்கள். லாரிக்கு அடியிலிருந்து தசரதன் வெளியே வந்தான். முழங்கை வரை கிரீஸ்.

"யாக்கோபண்ணா..." என்றான்.

"நான் இன்னாத்தப் பாத்தேன்? டீ குடிக்க வந்தேன், குடிச்சிட்டுப் போறேன்," என்று அவர் நடந்துவிட்டார்.

பார்க்கவில்லை என்று அவர் போய்ச் சொன்னதை ஆபீஸ் நம்பவில்லை. வேறு யாரோ போட்டுக் கொடுத்திருந்தார்கள். சத்தியம் செய்தால் பொய் சொல்லமாட்டார் என்று யாக்கோபையே கம்பெனி சாட்சியாகக் கோர்ட்டில் ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகத் தவறாத மனிதர், கடவுள் பேரில் சத்தியம் செய்து, "அவன் வேலை செஞ்சி நான் பாக்கல ஐயா," என்றார். கம்பெனி வக்கீல் திருப்பித் திருப்பிக் கேட்டும் அதையேதான் சொன்னார். பின்வரிசையில் தசரதன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

வழக்கு ஜெயித்தது. பழைய வேலையும், விட்டுப்போன சம்பளத்தில் பாதியும் கிடைத்தன. திரும்ப வேலைக்குப் போன அன்று கேட்டைத் திறந்தவர் புது வாட்ச்மேன். டியூட்டியில் தூங்கினார் என்று யாக்கோபை வெளியே அனுப்பிவிட்டார்களாம். உண்மைக் காரணம் கேன்டீன் வரைக்கும் தெரிந்திருந்தது.

போய்ப் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தான். இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிப்போட்டான். எந்த முகத்தோடு போவது?

கடைசியில் யாக்கோபே சைக்கிள் மிதித்து வந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே வக்கீல் பேரையும் விலாசத்தையும் கேட்டார்.

"நானும் கேஸ் போடலாம்னு கீறேன் தசரதா. மொத்தமா எவ்ளோ ஆவும்? மறைக்காம சொல்லு. அதுக்குத் தோதா கையில பணம் இருந்தாத்தான் எறங்கணும்."

ஆனது கிட்டத்தட்ட இரண்டாயிரம். தசரதனுக்கு அது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். வந்த சம்பளப் பாக்கி உள்ளே டிரங்குப் பெட்டியில் இருந்தது. கம்மலை இன்னும் மீட்கவில்லை. இரண்டாயிரம் என்று சொன்னால் அவர் மலைத்துப் போவார். மலைத்து நிற்பவரிடம், இந்தாண்ணா என்று பெட்டியைத் திறக்காமல் எப்படி இருப்பது? ஒரு நிமிஷத்துக்குள் மனம் இத்தனையும் கணக்குப் போட்டுவிட்டது. தூ, என்ன மனம்!

"நானூறு ஆவும்ணா," என்றான். "மிஞ்சிப்போனா ஐநூறு."

யாக்கோபின் முகம் தெளிந்தது. "அவ்ளோதானா? நான் கூட பயந்துகினே வந்தேன். என் சம்சாரம் லூர்தம்மா கழுத்துல கீற செயின வெச்சா சரியாப்பூடும்." அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீ நல்லா இருக்கணும்பா. உன்னப் பாத்துத்தான் எனக்குத் தைரியமே வந்தது."

காப்பி டம்ளரோடு லீலா வெளியே வருவதற்குள் அவர் சைக்கிளில் ஏறியிருந்தார்.

"ஐநூறா?" என்றாள் லீலா. கல் சுமந்து காய்த்துப்போன கையில் டம்ளர் அப்படியே நின்றது. "பாதியில பணம் பத்தாம நின்னுச்சின்னா, செயினும் போயி கேஸும் பூடுமே. கூப்புடுய்யா அவர. இன்னும் தெருவத் தாண்டல."

தசரதன் வாயைத் திறந்தான். அவமானத்தில் காதெல்லாம் எரிந்தது. கூப்பிட்டால், ஏன் பொய் சொன்னேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியாக வேண்டும். சைக்கிள் நிதானமாகத்தான் போனது. வயதான மனிதர், வேகமாக மிதிக்கத் தெம்பு இல்லை. கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பார்.