சிவப்புப் பம்பில் வடித்த சோறு

எங்கள் நௌபாரா கிராமத்தில் என்ன இல்லை? பள்ளிக்கூடம் இருக்கிறது, கரண்டு இருக்கிறது, சுகாதார நிலையத்துக்குப் புது வர்ணம்கூட அடித்தாகிவிட்டது. தண்ணீர்தான் விஷம். பதினேழு அடிபம்புகளையும் சோதித்துவிட்டு, ஆர்சனிக் என்று சொல்லி எல்லாவற்றுக்கும் சிவப்புச் சாயம் பூசிவிட்டுப் போனார்கள். குடிக்கக் கூடாது என்றார்கள். நாங்களும் குடிக்கவில்லை, பக்கத்து ஊரிலிருந்து குடத்தில் சுமந்தோம். சோறு வடிக்கக் கூடாது என்று எவனும் சொல்லவில்லையே!

பள்ளியில் நாற்பத்தொரு பிள்ளைகளுக்குச் சமைப்பவள் நான், சந்தனா. கொதித்தால் விஷம் போய்விடும் என்று நினைத்து மூன்று வருஷம் சிவப்புப் பம்புத் தண்ணீரில்தான் உலை வைத்தேன். போன மாசம் சுகாதாரப் பணிக்கு வரும் ரெஹானா அதைப் பார்த்துப் பதறிவிட்டாள். அவளுக்கு நான் தீதி, அதாவது அக்கா.

"கொதிக்க வச்சா விஷம் போயிடும்னு யாரு தீதி சொன்னா? அது சோத்துலயே தங்கிடும்."

அன்றிலிருந்து பிள்ளைகளின் உள்ளங்கையில், இந்த விஷம் ஏறினால் விழும் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பதே வேலை.

பஞ்சாயத்து பன்னிரண்டு குழாய் கொடுத்தது. பள்ளி முற்றத்தில் அவற்றை ஆழமாக இறக்க, அடிபம்பு போடும் நிதாய் மிஸ்திரி வந்தான். மெஷின் கிஷின் எதுவும் கிடையாது. மூங்கில் சாரம், சாணி கரைத்த தண்ணீர்க் குழி, குழாயைத் தூக்கும் நெம்பு மூங்கிலை அழுத்த நாலு பேர். நிதாய் சாரத்தின் மேலே உட்கார்ந்துகொண்டு குழாய் வாயை உள்ளங்கையால் மூடுவான், திறப்பான். அவர்கள் மூங்கிலை அழுத்தினால் குழாய் ஏறும், அப்போது மூடுவான். விட்டால் இறங்கும், அப்போது திறப்பான், சேறு பீய்ச்சும்.

"பிள்ளை வாயைப் பொத்துற மாதிரி பொத்துறியே, இது என்ன கிணறா, விளையாட்டா?" என்றேன்.

"சும்மா இரு தீதி. கைக்குக் கீழ மண்ணு என்னமோ சொல்லுது, உன் சத்தத்துல கேக்கல."

இரண்டாம் நாள் பன்னிரண்டாவது குழாயும் இறங்கியது. இருநூற்று நாற்பது அடி. அப்போதும் வந்தது கறுத்த மணல்தான், சிவப்புப் பம்புகளின் அடியில் கிடக்கும் அதே விஷ மணல். பஞ்சாயத்து உறுப்பினர் துலால் பாபு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"குழாய் தீந்துபோச்சு. மூட்டையைக் கட்டுங்க."

நிதாய் கையை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தான். "களிமண்ணு தட்டுது பாபு. அதுக்குக் கீழ சிவப்பு மணலு இருக்கும். நல்ல தண்ணி அதுலதான். இன்னும் ரெண்டு குழாய் போதும்."

"வானத்துலேருந்தா வரும்?"

"என் வீட்டு பம்பைப் பிடுங்குங்க!" என்று கத்தினேன்.

என் புருஷன் பதறினான். "அடியே, பாத்திரம் எதுல கழுவுறது?"

"குளத்துல கழுவு!"

துருப்பிடித்த இரண்டு குழாய்கள் வந்தன. முதலாவது இறங்கியது; களிமண். இரண்டாவது பாதி இறங்கியபோது நிதாயின் விரலிடுக்கில் பீறிட்டு வந்தது, செங்கல் பொடி மாதிரி மணல்! அடேயப்பா, இருநூற்றெழுபது அடிக்குக் கீழே கிடப்பதை ஒரு மனுஷன் வெறும் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டானே! வாயடைத்து நின்றேன், சந்தனா வாயடைத்து நிற்பதை ஊரே வேடிக்கை பார்த்தது.

மறுநாள் ரெஹானா தண்ணீரைச் சோதித்தாள். விஷம் இருந்தால் சோதனைக் காகிதம் மஞ்சளாகுமாம்; இது வெள்ளையாகவே இருந்தது.

"இனிமே இதுலயே சமை தீதி."

"அப்போ மூணு வருஷமா தின்னது?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நல்ல தண்ணி குடிக்கக் குடிக்க உடம்புல ஏறின விஷம் கொஞ்சம் கொஞ்சமா வெளிய போகும். எல்லாம் போயிடுமான்னு எனக்குத் தெரியல."

அரிசியைப் புதுத் தண்ணீரில் கழுவினேன். ஏழாவது முறையும் கழுவினேன். கழுநீர் எப்போதோ தெளிந்துவிட்டிருந்தது. பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.