தோற்றம் பிரிவில் ஒரு புகார்

எனக்குக் காது கேட்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பாவம் பார்க்கிறவர்கள் இப்போதே பார்த்து முடித்துவிடலாம். கல்லூரியில் படிக்கும்போது வந்த ஒரு காய்ச்சல், போகும்போது இரண்டு காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பேச்சு நன்றாக வரும். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். வாய்க்குள் முணுமுணுக்கிறவர்களும் மீசையை உதட்டுக்கு மேல் வளரவிட்டவர்களும்தான் எனக்கு எதிரிகள். அந்த இரண்டுமாக எங்கள் ஆபீசுக்கு ஒருவன் வந்து சேர்ந்தான்.

என் வேலை, வானத்திலிருந்து எடுத்த படங்களின் மேல் கோடு இழுத்து வரைபடமாக்குவது. வயல் எங்கே முடிகிறது, பாதை எங்கே வளைகிறது, மரத்தின் நிழல் எது, கிணறு எது என்று கண்ணை நட்டுவைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது மாடியில் நீளமான ஒரு அறை. எல்லோரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் அந்த அறையில் எனக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அவர்களால் கழற்றிவைக்க முடியும், அவ்வளவுதான்.

எங்கள் கணினிகளை இயக்குவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். அதில் ஒரு செய்தி வந்தால் திரையில் சின்னப் பெட்டி ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். உங்களுக்கு அது ஒரு தொந்தரவு. எனக்கு அதுதான் காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்தப் பெட்டிகளுக்கென்று இருக்கும் செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்து, ஒவ்வொரு வரியாக மாற்றிப் பார்த்து, எனக்கு ஏற்றபடி செய்துகொண்டேன். மூலையில் வந்ததைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். பக்கத்து சீட்டுத் தோழி கூப்பிட்டால் மஞ்சள், மேலாளர் கூப்பிட்டால் பச்சை, வாசலில் யாராவது எனக்காக வந்திருந்தால் நீலம். தினமும் காலையில் எல்லோருக்கும் பூப்படம் அனுப்பும் கணக்குப் பிரிவு அண்ணனுக்கு மட்டும் நிறமே தரவில்லை. 'எத்தனை நேரம்' என்று கேட்கும் இடத்தில் பூஜ்யம் போட்டால், நானாக மூடும்வரை பெட்டி அங்கேயே நிற்கும். எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டேன்.

கட்டடத்தின் தீ அலாரத்தையும் அதில் சேர்த்தேன். எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்திருந்தபோது கெஞ்சிக் கேட்டு, அலாரத்திலிருந்து ஒரு வயரை இழுத்து என் கணினியில் மாட்ட வைத்தேன். மணி அடித்தால் என் திரை முழுக்கச் சிவப்பாகிவிடும். ஒத்திகை நடக்கும்போதெல்லாம் மற்றவர்கள் ஹெட்போனைக் கழற்றி "என்ன சத்தம்?" என்று ஒருவரையொருவர் பார்ப்பதற்குள் நான் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பேன். "அவ எழுந்தா நாமளும் எழுந்துக்கலாம்" என்று அறையில் சொல்வார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பக்கத்து சீட்டுத் தோழிக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது நான்தான். வாயை மூடவே மாட்டாள். காது கேட்காதவளைத் தேடிப் பிடித்துச் சினேகம் வைத்துக்கொண்டு நாளெல்லாம் பேசுகிறவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இப்போது மீசைக்காரனுக்கு வருகிறேன். கணினிகளைப் பார்த்துக்கொள்ள வந்த புது சிஸ்டம்ஸ் அதிகாரி. வாயைத் திறந்தால் 'ஒழுங்கு' என்பான். அதனால் அவன் பெயர் ஒழுங்கு. வயதில் என்னைவிடச் சின்னவன், பதவியில் பெரியவன். ஆகவே நேரில் சார், இங்கே அவன். ஒரு நாள் வாடிக்கையாளர்களை உட்காரவைத்து மேலாளர் வரைபடம் காட்டிக்கொண்டிருந்தபோது, பெரிய திரையில் 'சாப்பிட வர்றியா, பசி உயிர் போகுது' என்று ஒரு பெட்டி எட்டிப் பார்த்துவிட்டது. மேலாளருக்கு மானம் போய்விட்டது. ஒழுங்குக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒரு விடுமுறை நாளில் வந்து எல்லாக் கணினிகளையும் துடைத்து, ஒரே அச்சில் வார்த்துவிட்டான்.

விடுமுறை முடிந்து வந்து திரையைத் திறந்தேன். கம்பெனி முத்திரை போட்ட பின்னணி. எல்லாப் பெட்டியும் வலது கீழ் மூலையில், சாம்பல் நிறத்தில், எறும்பு எழுத்தில். நான்கு நொடி இருந்துவிட்டு ஓடிவிடுகின்றன. என் மஞ்சளும் பச்சையும் இல்லை. சிவப்பு இல்லவே இல்லை. ஃபைலைத் திறந்து மாற்றலாம் என்றால் பூட்டிவைத்திருக்கிறான். நேராக அவன் அறைக்குப் போனேன்.

"உங்களுக்கு மட்டும் மாத்தினா மத்தவங்களும் கேப்பாங்க மேடம். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்." மீசைக்குள்ளிருந்து பொறுக்கியெடுத்த வார்த்தைகள் இவை.

"எல்லாருக்கும் காது ஒரே மாதிரி இல்லையே சார்."

"புரியுது. முறைப்படி புகார் போட்டுடுங்க."

"சரி. தீ அலாரத்தையாவது இன்னைக்கே மாட்டிக் குடுங்க. அதையும் அழிச்சிட்டீங்க."

"தீ அலாரமா? அதுக்கென்ன கவலை மேடம், கட்டடம் முழுக்க சத்தமா அடிக்குமே."

நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைக்கட்டும் என்று நின்றேன். உறைக்கவில்லை. வேறு ஏதாவது வேண்டுமா என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினான்.

புகார் போடும் பக்கத்தில் பிரிவு கேட்டது. பழுது, மென்பொருள், இணையம், தோற்றம். 'அறிவிப்புப் பெட்டி' என்று எழுதியதுமே அது தானாகத் தோற்றத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மாற்றப் பார்த்தேன், விடவில்லை. தோற்றத்தில் வரும் புகார்களைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். எனக்கு மேலே இருந்த புகார், யாரோ ஒருவர் தன் பூனையின் படத்தைப் பின்னணியாக வைக்க அனுமதி கேட்டது. அதற்குக் கீழே என் காது.

வீட்டில் சொன்னேன். என் கணவர் லாரி ஓட்டுகிறவர், பொறுமைசாலி. அந்தப் பொறுமையே சில நாள் எனக்கு ஆகாது. எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சண்டை போட்டாலும் முகத்தை என் பக்கம் வைத்துக்கொண்டுதான் போட வேண்டும். அன்று அவர் தட்டைக் கழுவிக்கொண்டே ஏதோ சொன்னார். தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"ஒரு பொட்டிக்காக மேலதிகாரிகூட மல்லுக்கட்டணுமான்னு கேட்டேன்" என்றார்.

"நீங்க லாரி ஓட்டறப்ப கண்ணாடிய எல்லாம் கழட்டிக் குடுங்க. ஒரு கண்ணாடிக்காக எதுக்கு மல்லுக்கட்டணும்?"

அவர் மறுபடி தட்டைக் கழுவத் திரும்பிக்கொண்டார். மகள் பாடப் புத்தகத்துக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடியும் முன்பே அவர் லாரியோடு வெளியூர் கிளம்பிவிட்டார். சில நாள் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தேன். மூலைக்கும் வரைபடத்துக்குமாகக் கண்ணை அலையவிட்டதில் கோடுகள் கோணலாயின. மேலாளர் இரண்டு தடவை கூப்பிட்டு நான் போகவில்லை என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். ரேடியோ மட்டும் எதுவானாலும் தோளைத் தட்டிச் சொன்னாள்.

அன்று காலை ஒரு ஆற்றங்கரையை வரைந்துகொண்டிருந்தேன். கரை எது, மணல் எது என்று தெரியாத படம். முகத்தைத் திரையோடு ஒட்டவைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாக நகர்ந்துகொண்டிருந்தேன். மூக்கில் ஏதோ ஏறியது. யாரோ டீ காய்ச்சுகிற இடத்தில் பாத்திரத்தைத் தீயவிட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். பிளாஸ்டிக் கருகும் நாற்றம் கலந்தபோதுதான் தலையைத் தூக்கினேன்.

அறையில் ஒருவரும் இல்லை. நாற்காலிகள் திசைக்கொன்றாகத் திரும்பிக் கிடந்தன. ரேடியோவின் ஹெட்போன் மேசையில் கிடந்தது, அவள் பையைக் காணோம். கதவுக்கு அடியில் புகை புகுந்து வந்துகொண்டிருந்தது.

எனக்கு முதலில் பயம் வரவில்லை. அவமானம்தான் வந்தது. இத்தனை பேர் எழுந்து, நாற்காலியைத் தள்ளி, என் முதுகுக்குப் பின்னால் நடந்து போயிருக்கிறார்கள். பயம் படிக்கட்டில்தான் வந்தது. இரண்டாவது மாடியில் பேட்டரி அறை எரிந்துகொண்டிருந்தது. கைப்பிடிச் சுவர் சுட்டது. துப்பட்டாவை மூக்கில் அழுத்தி, சுவரைத் தடவி, உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். மகளின் முகம் வந்தது. கணவரிடம் கடைசியாக முகம் பார்த்துப் பேசியது கண்ணாடிச் சண்டை என்பதும் வந்தது.

கீழ்த்தளத்துக்கு வந்ததும் வெளிச்சம் தெரிந்தது. வாசல் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் எல்லோரும் தெருவில் நின்றிருந்தார்கள். தீயணைப்பு வண்டி வந்திருந்தது. அதன் அதிகாரி எனக்கு முதுகைக் காட்டி நின்று ஏதோ கேட்டார். அவர் எதிரே, எனக்கு நேராக, ஒழுங்கு. மீசைக்குள் முணுமுணுக்கிறவன், அந்த ஒரு தடவை மட்டும் வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"உள்ள யாரும் இல்ல சார். எல்லாரும் வந்தாச்சு."

அதைக் கண்ணாடிக்கு உள்ளே நின்று நான் படித்தேன். அப்புறம் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, இருமி, நடைபாதையில் உட்கார்ந்தேன். அதிகாரி திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். அவர் சொன்னது என்னவென்று எனக்குத் தெரியாது, முதுகுதான் தெரிந்தது. ஒழுங்கின் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்தேன்.

ரேடியோ ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே பேசியதில் உதடு கோணிப் பாதி புரியவில்லை. முகத்தை நிமிர்த்தி மறுபடி சொல்லச் சொன்னேன்.

"காலைல புகார்ப் பக்கத்துல ஒன் புகார் முடிஞ்சுதுன்னு போட்டிருந்துச்சுடி. சரி, சிவப்புப் பொட்டி திரும்ப வந்துடுச்சு, நீ எப்பவும் போல முன்னாடியே எறங்கியிருப்பேன்னு நெனச்சேன். ஓடற பதட்டத்துல ஒன் சீட்டக்கூட திரும்பிப் பாக்கல. யாராவது மிச்சமான்னு சிஸ்டம்ஸ் சார் கேட்டப்ப நான்தான் இல்லன்னு சொன்னேன்."

ஃபோனில் பார்த்தேன். காலையில் ஒழுங்கு என் புகாரை மூடியிருக்கிறான். 'விதிமுறையில் இடமில்லை. முடிக்கப்பட்டது.' அந்தச் செய்தியும் எனக்கு வந்துதான் இருக்கும். மூலையில், சாம்பல் நிறத்தில், நான்கு நொடி நின்றுவிட்டுப் போயிருக்கும். ரேடியோமேல் எனக்குக் கோபமில்லை. அவள் நம்பியது என்னை. 'முடிக்கப்பட்டது' என்ற ஒரு சொல்லை எழுதி என்னையும் சேர்த்து முடிக்கப் பார்த்தவன்மேல்தான் ஆத்திரம் ஆறவில்லை. இன்றும் ஆறவில்லை.

கட்டடத்தைச் சுத்தம் செய்து எங்களைத் திரும்பக் கூப்பிட்ட அன்று, ஒழுங்கு தானாகவே என் மேசைக்கு வந்தான். மீசையை வெட்டியிருந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பூட்டியிருந்த ஃபைலைத் திறந்தான். என் பழைய நிறங்களைக் கேட்டுக் கேட்டுப் போட்டான். அலாரம் வயரை மாட்ட எலக்ட்ரீஷியனும் வந்திருந்தார். எல்லாம் முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "வேற ஏதாவது வேணுமா மேடம்?" என்றான். இந்த முறை புருவத்தைத் தூக்கவில்லை.

"அதே சிவப்புப் பெட்டி உங்க கம்ப்யூட்டர்லயும் வரணும்" என்றேன். "திரை முழுக்க. என் பேரோட."

"எனக்கு எதுக்கு மேடம்? எனக்குத்தான் காது கேக்குமே."

"அன்னைக்கும் கேட்டுச்சு."

அறையில் ஒவ்வொருவராக ஹெட்போனைக் கழற்றினார்கள். அவன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு மெதுவாகத் தட்டத் தொடங்கினான்.

"எத்தனை நொடி வைக்கட்டும்?"

"நொடிக் கணக்கு வேண்டாம். நான் இங்க மூடினாத்தான் அங்கயும் மூடணும்."

"நீங்க மூடலன்னா? எனக்குத் திரையில வேற எதுவுமே தெரியாதே."

"தெரியாது. எழுந்து வந்து பாருங்க."