பயாலஜி குரூப்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று, மகள் மேகனா நானூற்று முப்பத்தெட்டு என்று சொன்னபோது சாரங்கபாணிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தாயார் சன்னதிக்குப் போய்ச் சேவித்துவிட்டு வந்தார். அந்த மார்க் போதாது என்பது மறுநாள் பள்ளிக்கூடத்தில்தான் தெரிந்தது.

கண்டோன்மெண்டில் இருக்கும் அந்தப் பள்ளியில்தான் எல்.கே.ஜி.யிலிருந்து மேகனா படித்தாள். பதினொன்றாம் வகுப்பில் பயாலஜி குரூப் கிடைக்க நானூற்று அறுபது வேண்டும், அங்கேயே படித்த பிள்ளைகளானாலும் அப்படித்தான் என்று ஆபீஸில் இருந்த பெண் தலை நிமிராமல் சொன்னாள். வேறு குரூப் அங்கே கிடையாது. டி.சி. வாங்கிக்கொண்டு போகலாம்.

பிரின்சிபால் பெனடிக்ட், சாரங்கபாணியோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அந்தச் சிநேகிதத்தை வைத்து சாரங்கபாணி இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இப்போது போய் நின்றார்.

"கட் ஆஃப் நான் வைக்கிறது இல்லடா. மேனேஜ்மெண்ட் வைக்குது" என்றார் பெனடிக்ட். கொஞ்ச நேரம் பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார். "ஒண்ணு பண்ணலாம். திங்கக்கிழமை வந்து ஒரு டெஸ்ட் எழுதட்டும். சயின்ஸ், மேத்ஸ். அம்பதுக்கு நாப்பது எடுத்துட்டா நான் பேசிடறேன். அதுக்கு மேல என்கிட்ட எதுவும் கேக்காத."

மேகனாவுக்குச் செடி கொடி என்றால் உயிர். டாக்டராக வேண்டும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. மொட்டைமாடித் தொட்டிகளில் என்னென்னவோ வளர்த்துக்கொண்டு, எந்த இலை ஏன் பழுத்தது என்று அம்மா ப்ரியம்வதாவுக்குப் பாடம் எடுப்பாள். அம்மா கரண்டியோடு நின்று கேட்பாள். அதையே மேலே படிக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

தபால் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு சாரங்கபாணி உட்கார்ந்து கேள்வி கேட்டார். அவள் தடுமாறாமல் பதில் சொன்னாள். அவருக்கே உற்சாகமாகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும், "இதை விட்டா வேற வழி இல்லைம்மா. ஞாபகம் வெச்சுக்கோ" என்று சொன்னார். அவள் தலையாட்டினாள்.

திங்கட்கிழமை பிரின்சிபால் அறைக்குப் பக்கத்து அறையில் அவளை உட்கார்த்தி வைத்தார்கள். வெளியே வராந்தாவில், முதல் மார்க் எடுத்த பிள்ளைகளின் ஃப்ளெக்ஸ் பேனருக்குக் கீழே சாரங்கபாணி காத்திருந்தார். மேகனா வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சற்றுப் பொறுத்து பெனடிக்ட் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டு விடைத்தாளைக் காட்டினார்.

பெயர் இருந்தது. அதற்குக் கீழே ஒன்று என்று எண் போட்டிருந்தது. அப்புறம் வெறும் தாள்.

"நானே திருத்தறேன்னு வாங்கி வெச்சேன்டா. இதுல நான் என்னத்தைத் திருத்தறது?"

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினார்கள். காவிரிப் பாலம் வந்ததும் அவர் மெதுவாகக் கேட்டார். "பதில் தெரியலையாம்மா?"

"தெரியும்ப்பா."

"பின்னே?"

"கை வரலை."

வெளியே பார்த்துக்கொண்டே அவள் சொல்ல ஆரம்பித்தாள். முதல் கேள்வி இலை உதிர்வது பற்றி. எந்த ஹார்மோன், அது எங்கே வேலை செய்கிறது, எல்லாம் சொன்னாள். அடுத்தது மெண்டல். ஒன்பதுக்கு மூணுக்கு மூணுக்கு ஒண்ணு. கணக்குகளைக்கூட வாயாலேயே போட்டாள். முன் சீட்டில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஒரு கேள்வியும் பாக்கியில்லை.

மாம்பழச் சாலையில் பஸ் நின்றதும் சாரங்கபாணி அவள் கையைப் பிடித்து இறக்கினார். "வா, திரும்பிப் போலாம். இதையே அவன்கிட்ட சொல்லு."

"வேண்டாம்ப்பா."

"சொன்னாப் போறும்மா. அவன் நல்லவன்."

பெனடிக்ட் சாப்பிட உட்கார்ந்திருந்தார். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, பொறுமையாகவே கேட்டார். "சொல்லும்மா. இலை ஏன் உதிருது?"

மேகனா தரையைப் பார்த்தாள்.

"பஸ்ல சொன்னியே, அதைச் சொல்லேன்" என்றார் சாரங்கபாணி. அவள் உதடு அசைந்தது. குரல் வரவில்லை. "அந்த ஹார்மோன் பேரு என்னமோ சொன்னியேம்மா. அப்சிசிக். அதானே? சொல்லு, மாமாதானே கேக்கறார்." அவர் குரல் உயர்ந்துகொண்டே போனது. வாசலில் ப்யூன் வந்து எட்டிப் பார்த்தான்.

"தெரியாது சார்" என்றாள் மேகனா.

அதைத் தெளிவாகச் சொன்னாள். அப்பாவை அங்கிருந்து கிளப்ப அது ஒன்றுதான் வழி என்பது போலச் சொன்னாள். சாரங்கபாணி அவளை அழைத்துக்கொண்டு வெளியே வந்தார். டி.சி.யை அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள்.

மற்ற பள்ளிகளில் பயாலஜி இடங்கள் நிரம்பிவிட்டதால், ஜூனில் துவாக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் காமர்ஸ்தான் கிடைத்தது. மார்க் என்னவென்றுகூட அவர்கள் கேட்கவில்லை. மேகனா காலையில் பஸ் ஏறிப் போனாள், சாயங்காலம் வந்தாள். மாடித் தொட்டிகளுக்கு ப்ரியம்வதாதான் தண்ணீர் ஊற்றினாள். சிலது பிழைத்தன.

ஆகஸ்ட்டில் வகுப்பு டீச்சர் ஷரபுன்னிசா போன் செய்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். ரொம்ப அமைதியான பொண்ணு. டெஸ்ட்னா மட்டும் பேரை எழுதிட்டு உக்காந்துடுது. திட்டிப் பாத்துட்டேன், கெஞ்சியும் பாத்துட்டேன். யாராவது டாக்டர்கிட்ட காட்டுங்களேன்."

அன்று ப்ரியம்வதா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "ஏன்னா, அன்னிக்கு அவளைத் திரும்ப அழைச்சுண்டு போயிருக்க வேண்டாம்" என்றாள். அதற்கு முன்னாலும் சொன்னதில்லை, பின்னாலும் சொல்லவில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு லீவு சொல்லப் போனார்.

புத்தூரில் ஒரு மனநல மருத்துவரிடம் டோக்கன் வாங்கினார்கள். கவுண்டரில் ஒரு சீட்டைக் கொடுத்து, பெயரும் வயசும் எழுதித் தரச் சொன்னார்கள். சாரங்கபாணி பேனாவை மேகனாவிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். சீட்டை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா முனை தாளைத் தொடவே இல்லை. பிறகு இரண்டையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நீயே எழுதிடுப்பா."

அவர் மேகனா என்று எழுதினார். வயசையும் எழுதினார். எழுத்து கோணல் மாணலாக விழுந்தது. சீட்டைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோது, அவளிடம் கேட்பதற்கு அவருக்கு ஒரு கேள்வியும் இருக்கவில்லை.