மழை வந்த பிறகு குடை என்ன விலை

1

இந்தக் கதை ஒரு ஜலதோஷத்தில் பிறந்தது. என்னுடைய ஜலதோஷம்தான்.

வேலை முடிந்து ரயில் நிலையத்தின் முன்வாசலுக்கு வந்தால், வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. வாசலை ஒட்டினாற்போல் ஒரு குடைக்கடை. விலை கேட்டேன். காலையில் அட்டையில் எழுதித் தொங்கிய விலைக்கு இரண்டு மடங்கு சொன்னாள் கடைக்காரி.

“காலையில பாதி விலைதானேம்மா போட்டிருந்தீங்க?”

“காலையிலயே வாங்கியிருக்கலாமே சார்.”

சுருக்கென்றது. பையில் பணம் இருந்தது. வீடு தூரம். காலில் புதுச் செருப்பு. குடை வாங்காமல் போனால் நஷ்டம் எனக்குத்தான், அவளுக்கு ஒன்றும் குறையப்போவதில்லை. இத்தனையும் தெரிந்துகொண்டே விறுவிறுவென்று மழைக்குள் இறங்கினேன். எப்படி இருந்தது என்கிறீர்கள்? ஆனந்தமாக இருந்தது! ஒரு கோட்டையைப் பிடித்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சட்டை உடம்போடு ஒட்ட, செருப்பு சளக் சளக்கென்று சத்தம் போட, வீடு வரைக்கும் நடந்தேன்.

பிறகு படுத்த படுக்கை. வெந்நீரோடு வந்த என் மனைவி கேட்டாள்: “கொள்கைக்காக நனைஞ்சீங்களா, இல்ல வீம்புக்காகவா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தும்மல்தான் வந்தது.

லாபநஷ்டம் தெரிந்த ஒரு மனுஷன் ஏன் இப்படிச் செய்கிறான்? படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்ததில் காய்ச்சல் குறைந்ததோ இல்லையோ, எழுத வேண்டும் என்ற பரபரப்பு தலைக்கேறிவிட்டது.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன், ஒரு பாறையின் நிழலில், வேட்டையாடிய மானைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில், பெரிய துண்டைத் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டவனை மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து—

மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

“இதுல குடை எங்க?”

“வரும்.”

“எப்போ? இரும்பு கண்டுபிடிச்சதுக்கு அப்புறமா?”

எழுதியதை அடித்துவிட்டேன்.*

(* அடித்தேனே தவிர, பாறையை முழுசாக விட மனமில்லை. அங்கே அநியாயமாகப் பங்கு போடுகிறவனிடம்தான் நாளைக்கும் போய் நிற்க வேண்டும். ஆகவே, “உன் பங்கே வேண்டாம் போ” என்று இன்றைக்கு முறைத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அடுத்த முறை அவன் யோசிப்பான். சந்தையில் அப்படியா? இன்றைக்கு வந்தவர் நாளைக்கு வருவாரோ மாட்டாரோ. நம்முடைய கோபம் பாறையடியில் பழகியது. நாம் நிற்பதோ ரயில் நிலையத்தில். இதற்கு மேல் எழுதினால் கட்டுரையாகிவிடும். நிறுத்திக்கொள்கிறேன்.)

இரண்டாவது தொடக்கம்:

அவள் ஈவிரக்கமில்லாத, பேராசை பிடித்த, கண்ணில்—

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவளைப் பழிவாங்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் “கண்ணில்” என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அவள் கண்ணில் என்ன இருந்தது? நான் பார்க்கவேயில்லையே. விலையைத்தானே பார்த்தேன்!

உடம்பு தேறியதும் வெயில் அடித்த ஒரு நாளில் போனேன். கதை எழுதுகிறவன் என்று சொன்னேன். “அப்படியா, உக்காருங்க” என்று முக்காலியை நகர்த்திப் போட்டாள். நனைந்துபோன ஆள் நான்தான் என்று அவளுக்கு ஞாபகமில்லை. அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இனி வருவது அவள் சொன்னது. நான் சேர்த்ததை அடைப்புக்குறிக்குள் போடுகிறேன்.

3

முன்வாசல் கடை குடைக்காரியுடையது. நிலையத்தின் பின்வாசலில் இன்னொரு குடைக்கடை. அதில் அவளுடைய நாத்தனார். இரண்டு கடைக்கும் சரக்கு எடுத்துப் போடுகிறவர் ஒருவரே. இவளுக்குக் கணவர், அவளுக்கு அண்ணன்.

மழைக்காலம் ஆரம்பிக்கும்போது நிலைய அதிகாரி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இந்த மழை முடிந்ததும் ஒரு குடும்பத்துக்கு ஒரு கடைதான். அதாவது, ஒருத்தி கடையில் உட்காரலாம். இன்னொருத்தி வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து குடைகளுக்குக் கம்பி மாட்டலாம். அந்த அறையில் பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டும். இரண்டு பேருக்குமே அந்த அறையைக் கண்டால் ஆகாது. இரண்டு பேருக்குமே ஜனம் வேண்டும், இரைச்சல் வேண்டும், வண்டி வந்து நிற்கிற சத்தம் வேண்டும்.

பெண்டாட்டியா, தங்கையா? மனுஷன் தலையைச் சொறிந்தார்.

“மழை முடியட்டும். யாரு கடை நல்லா ஓடுதோ, அவங்க இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு நைசாகத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

ஆக, போட்டி.

நான் நனைந்தேனே, அந்த மழையில்தான் விசில் ஊதியது! மேகம் கறுத்ததைப் பார்த்ததும் குடைக்காரி அட்டையைத் திருப்பிப் போட்டு, இரண்டு மடங்கு விலை எழுதினாள்.

“இருக்கிற சரக்கு இவ்வளவுதான் சார். முதல் வண்டிக்காரங்களே எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டா, பின்னால வர்றவங்களுக்கு என்ன இருக்கும்?”

(இதை அவள் என்னிடம் சொன்னது வெயிலில். மழையின்போது அவள் மனசில் இருந்தது பின்னால் வருகிறவர்களா, அந்தப் பின்னறையா, எனக்குத் தெரியாது. அவளுக்கே தெரியுமா என்பது சந்தேகம். எனக்கு என் வீம்பு தெரிந்ததா என்ன?)

கூட்டம் வந்தது, விலையைக் கேட்டது, வாய்க்கு வந்தபடி திட்டியது, சுரங்கப்பாதை வழியாகப் பின்வாசலுக்கு ஓடியது. அங்கே நாத்தனார் பழைய விலைக்கே விற்றுக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டுமா! ஒன்று வாங்க வந்தவர்கள் இரண்டாக வாங்கினார்கள், அண்டை வீட்டுக்கும் சேர்த்து வாங்கினார்கள். தொப்பி போட்ட ஒருவன் ஒரு கட்டாகவே வாங்கிக்கொண்டு போனான். மூச்சு விடுவதற்குள் கடை காலி. நாத்தனார் போன் போட்டாள்.

“அண்ணி, என்னோடது மொத்தமும் போச்சு! உங்களோடது?”

“இருக்கு.”

“ஐயோ பாவம்” என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் நிமிர்ந்து பார்த்தால், கீழ்ப்படியில் தொப்பிக்காரன் நின்றுகொண்டு அவள் குடைகளையே மூன்று மடங்கு விலைக்கு விற்கிறான்!

அந்த நேரத்தில் ஒரு மாணவி வந்தாள். கட்டடக்கலை படிக்கிறவள். கையில், ராத்திரி பகலாக அட்டையில் வெட்டி ஒட்டிய ஒரு சின்னக் கட்டடம். அன்று சாயங்காலமே கல்லூரியில் காட்ட வேண்டும். பின்வாசலில் கடை காலி. தொப்பிக்காரன் கேட்ட விலை அவளிடம் இல்லை. கட்டடத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுரங்கப்பாதையில் திரும்ப ஓடிவந்தாள்.

“அக்கா, குடை இருக்கா?”

“இருக்கு. ஆனா விலை—”

“பரவாயில்லக்கா. நல்ல வேளை, உங்ககிட்டயாவது இருந்துச்சே!”

குடைக்காரி இருப்பதிலேயே பெரிய குடையை எடுத்துக் கொடுத்தாள். பழைய பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கிழித்து, கட்டடத்துக்குத் தானே சுற்றிக் கட்டிவிட்டாள்.

(இங்கே, குடைக்காரி மனம் இளகிக் குடையை இனாமாகவே கொடுத்தாள் என்று எழுதிப் பார்த்தேன். அழகாக வந்தது. அவளிடமே படித்துக் காட்டினேன். “சும்மா எதுக்குக் குடுக்கணும்? உறைதான் சும்மா குடுத்தேன்” என்றாள். அடித்துவிட்டேன்.)

4

அன்று வீட்டில் ரகளை.

“நீங்க பண்ணது கொள்ளை, அண்ணி.”

“நீ கொள்ளைக்காரனுக்குச் சரக்கு சப்ளை பண்ணே.”

“ஜனங்க என்னைக் கும்பிட்டுட்டுப் போனாங்க.”

“தொப்பிக்காரன்தான் கும்பிட்டிருப்பான்.”

“ரெண்டு பேரும் கொஞ்சம்—” என்று ஆரம்பித்தார் கணவர்.

“நீங்க சும்மா இருங்க!” “நீ சும்மா இரு அண்ணா!”

இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை.

ஆனால் இரண்டு பேருக்குமே உள்ளே அடிபட்டிருந்தது. நாத்தனாருக்குத் தொப்பிக்காரனை நினைத்தால் ஆத்திரத்தில் கண் கலங்கியது. குடைக்காரிக்கு வேறு ஒன்று. தினமும் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போகிற ஒரு வங்கிக்காரம்மா இருந்தார். விலையைக் கேட்டதிலிருந்து அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். ஒரு தலையசைப்புத்தானே? அதற்கா இவ்வளவு வலிக்கும்? வலித்தது என்றாள். (பாறை! பாறை! என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அடக்கிக்கொண்டேன்.)

5

அடுத்த மழை, நான் குடைக்காரியிடம் கதை கேட்டு இரண்டு நாள் கழித்து வந்தது. இப்போது எனக்கே கை பரபரக்கிறது, பொறுமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

குடைக்காரி ஒருத்தரிடமும் சொல்லாமல் பழைய விலையையே வைத்தாள். “ஒருத்தருக்கு ஒண்ணுதான்” என்று அட்டையில் சேர்த்து எழுதினாள். அதே நேரம் பின்வாசலில் நாத்தனார், அவளும் ஒருத்தரிடமும் சொல்லாமல், விலையை இரண்டு மடங்காக்கினாள்! இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்கள்!

பழைய விலை இருக்கிற முன்வாசலில்தானே கூட்டம் மொய்க்க வேண்டும்? கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஜனங்கள் முன்வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகச் சுரங்கப்பாதைக்குள் இறங்கிப் பின்வாசலுக்குப் போய், இரண்டு மடங்கு விலையைக் கேட்டு ஒரு நிமிஷம் திகைத்து, பிறகு, “அந்தப் பொண்ணே ஏத்தியிருக்குன்னா ஏதாவது காரணம் இருக்கும்” என்று தங்களுக்குள்ளேயே சமாதானம் சொல்லிக்கொண்டு வாங்கினார்கள்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானும் அந்த வரிசையில் நின்றேன். முன்வாசல்காரியின் கதையை எழுதிக்கொண்டிருக்கிற நான், அவள் நியாயம் முழுக்கத் தெரிந்த நான், என் கால்கள் தாமாகவே பின்வாசலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே போனேன். சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

“முன்வாசல்ல டபுள்னா கொள்ளை, பின்வாசல்ல டபுள்னா கொடையா?” என்றாள் மனைவி, என் புதுக் குடையைச் சுருக்கிக்கொண்டே.

முன்வாசலில் குடைக்காரி எழுந்து நின்று கூவினாள். “பழைய விலைதாங்க! பழைய விலைதான்!” வங்கிக்காரம்மா ஒரு கணம் நின்றார். அட்டையைப் படித்தார். “இதுல என்ன ஏமாத்து இருக்கோ” என்று முணுமுணுத்துவிட்டு, கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார்.

குடைக்காரி உட்காரவில்லை. அட்டையைக் கழற்றினாள். கடைக்கதவை இழுத்துப் பூட்டினாள். மிச்சச் சரக்கு முழுவதையும் கோணியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, சுரங்கப்பாதையில் எதிரே வருகிறவர்களை இடித்துக்கொண்டு நடந்தாள். என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லையாம். “கால் போச்சு, நான் கூடவே போனேன்” என்றாள்.

6

முடிவுகள்.

முதலாவது: கணவர் தங்கையைத் தேர்ந்தெடுக்கிறார். குடைக்காரி பின்னறையில் விளக்கைப் போட்டு— இல்லை. இதை எழுதினால் என் வீட்டிலேயே சோறு கிடைக்காது.

இரண்டாவது: கணவர் மனைவியைத் தேர்ந்தெடுக்கிறார். நாத்தனார் ஒன்றும் பேசாமல்— அவள் பேசாமல் இருக்கிற ஆளா? அடித்துவிட்டேன்.

மூன்றாவது, நடந்தது. பின்வாசலில் சரக்குத் தீர்ந்துகொண்டிருந்தது, வரிசை நீண்டுகொண்டிருந்தது. குடைக்காரி போய்க் கோணியைத் தொப்பென்று போட்டாள். நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே அண்ணி. மழையில் நனைந்த முகமா, அழுத முகமா என்று தெரியாத ஒரு முகம்.

“என்ன அண்ணி?”

“தள்ளி உக்காரு.”

தள்ளி உட்கார்ந்தாள். ஒருத்தி உட்காருகிற பலகையில் இரண்டு பேர். மழைக்காலம் முடிந்து முன்வாசல் கடை போய்விட்டது. பின்னறையில் இப்போது கணவர்தான் கம்பி மாட்டுகிறார். பலகை மட்டும் அப்படியே இருக்கிறது, அதில் அவர்கள் இரண்டு பேரும் இருக்கிறார்கள். சேர்ந்துதான் இருக்கிறார்களே தவிர ஒத்துப்போய்விடவில்லை. விலை அட்டையில் என்ன எழுதுவது என்று இன்றுவரைக்கும் வாக்குவாதம். அதனால் அட்டையே கிடையாது.

நேற்று திடீரென்று ஒரு மழை. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். யாரோ ஒருவர் தலையைத் துடைத்துக்கொண்டே வந்து, “குடை என்ன விலை?” என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். இரண்டு விலை வந்தது.

வந்தவர் இந்த முகத்தைப் பார்த்தார், அந்த முகத்தைப் பார்த்தார். வெளியே கொட்டுகிற மழையைப் பார்த்தார்.

நான் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். அந்த ஆள் நீங்கள்தான். சீக்கிரம் சொல்லுங்கள், பின்னால் கூட்டம் நிற்கிறது.